எதிர்ப்பதா, பேசித் திருத்துவதா, வழக்குப் போடுவதா? பக்கத்து மனையில் பெரிய கட்டடம் வரும்போது உள்ள நான்கு வழிகள்

இரண்டு மாடி வீடுகளே உள்ள ஒரு தெரு. காலி மனையின் வேலியில் ஒரு நாள் அறிவிப்புத் தாள் தொங்குகிறது: எட்டு மாடி, எழுபது குடியிருப்புகள், தரைக்குக் கீழே வாகன நிறுத்தம், கருத்துச் சொல்ல இன்ன தேதிவரை அவகாசம். அன்று மாலைக்குள் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு வந்துவிடும். கையெழுத்து வாங்கி மனு கொடுப்போம் என்பார் ஒருவர். கட்டுபவரைக் கூப்பிட்டுப் பேசிப் பார்க்கலாம் என்பார் இன்னொருவர். கேஸ் போடாமல் எதுவும் நடக்காது என்பார் மூன்றாமவர். இந்த இடத்தில் எட்டு மாடி கட்டலாம் என்று ஊரின் வளர்ச்சித் திட்டத்தில் (மாஸ்டர் பிளானில்) எழுதி வைத்திருக்கிறார்களே, அதையல்லவா மாற்ற வேண்டும் என்று நான்காவதாக ஒருவர் சொல்வார். அவர் பேச்சை அன்று யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

நான்கும் நியாயமான வழிகள்தான். எது உங்களுக்கு என்பதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். நான்கையும் ஒரே வேகத்தில் இழுக்கவும் முடியாது. வழக்குப் போடுவேன் என்று முதல் நாளே சொன்னவரிடம் கட்டுபவர் மனம்விட்டுப் பேச மாட்டார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட சங்கம், அடுத்த வாரம் உள்ளாட்சி மன்றத்தின் முன் நின்று எதிர்க்கவும் முடியாது.

என் நிலையை முன்பே சொல்லிவிடுகிறேன். நிறுத்த வேண்டும் என்று கிளம்புகிறவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் தேவைப்படுவது மாற்றம். தங்களுக்கு வேண்டியது எது என்று முதல் வாரத்திலேயே தெளிந்துகொண்ட தெருக்கள் நன்றாகவே பேரம் பேசுகின்றன. தெளியாத தெருக்கள் ஒரு வருடம் உழைத்த பிறகும் எட்டு மாடியை அப்படியே பெறுகின்றன.

## எதை வைத்து அளப்பது

கடிகாரம். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் உங்கள் தேர்வைச் சுருக்கும். இங்கிலாந்தில் ஒரு விண்ணப்பத்தின் மேல் கருத்துச் சொல்லக் குறைந்தது 21 நாள் கொடுக்க வேண்டும். மன்றம் முடிவெடுக்க வழக்கமான காலம் 8 வாரம், பெரிய கட்டுமானங்களுக்கு 13 வாரம். முடிவு சட்டப்படி தவறு என்று நீதிமன்றம் போக 6 வாரம்தான். அயர்லாந்தில் விண்ணப்பம் வந்ததிலிருந்து 5 வாரத்துக்குள் 20 யூரோ கட்டி எழுத்தில் கருத்துக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தவர்தான், முடிவு வந்தபின் 4 வாரத்துக்குள் மேல்முறையீடு செய்ய முடியும். கருத்துக் கொடுக்காத அண்டை வீட்டுக்காரருக்குப் பொதுவாக அந்தக் கதவே திறக்காது. உங்கள் ஊரில் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் கெடுக்கள் இப்படித்தான் ஒன்றோடொன்று கோத்திருக்கும். முதல் கெடுவைத் தவறவிட்டால் மூன்றாவதும் போய்விடலாம்.

வேண்டியது என்ன. கட்டடமே வரக்கூடாதா, இரண்டு மாடி குறைந்தால் போதுமா, வாகன நுழைவாயில் பள்ளிக்கூடப் பக்கம் வராமல் இருந்தால் போதுமா? இதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையென்றால் தெரு இன்னும் முடிவெடுக்கவில்லை என்று அர்த்தம்.

கையில் உள்ள காரணம். திட்ட அனுமதி வழங்குபவர்கள் எல்லாக் காரணங்களையும் எடை போடுவதில்லை. வெளிச்சம் மறைவது, வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் நிலை, போக்குவரத்து, வடிகால், இரைச்சல், பழமையான கட்டடங்களின் சூழல் ஆகியவற்றை எடுத்துக்கொள்வார்கள். என் ஜன்னலிலிருந்து தெரிந்த காட்சி போகிறது, என் வீட்டு விலை குறையும், கட்டுபவர் நல்லவர் இல்லை என்பவற்றைப் பெரும்பாலான முறைகளில் ஒதுக்கிவிடுவார்கள். இதில் ஒரு வருத்தம் உண்டு. மனிதரை மிகவும் உறுத்தும் காரணங்கள் பலவும் கணக்கில் வராத பட்டியலில்தான் இருக்கின்றன.

செலவு. பணத்தை மட்டும் எண்ண வேண்டாம். எத்தனை மாலைகள் போகும், யார் தலைமையேற்பார், தெருவுக்குள் யாருக்கும் யாருக்கும் இடையே பேச்சு நின்றுபோகும் என்பதெல்லாம் செலவுதான்.

வெற்றியின் ஆயுள். இன்று மறுக்கப்பட்ட விண்ணப்பம் ஆறு மாதத்தில் ஒரு மாடி குறைந்து திரும்பி வரலாம். கிடைத்தது எவ்வளவு நாள் நிற்கும் என்பதையும் கேட்டுப் பாருங்கள்.

## வழி 1: மன்றத்தின் முன் எதிர்ப்பது

எளிதாகத் தொடங்கலாம், செலவும் குறைவு. எந்த வழியில் போனாலும் இதை முதலில் செய்துவிட வேண்டும் என்பேன். எழுத்தில் பதிவான ஆட்சேபனைதான் மற்ற மூன்று வழிகளுக்கும் நுழைவுச்சீட்டு மாதிரி.

ஆனால் பலர் செய்வது வேறு. ஒரே கடிதத்தை நகலெடுத்து ஐநூறு பேரிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். இந்த உழைப்பு வீண் என்று சொல்ல மாட்டேன். தெருவில் எவ்வளவு கவலை இருக்கிறது என்பதை அது கவுன்சிலருக்குக் காட்டும். ஆனால் அறிக்கை எழுதும் நகரமைப்பு அதிகாரிக்கு, ஒரே காரணத்தைச் சொல்லும் ஐநூறு கடிதமும் ஒரே காரணம்தான். அவர் கடிதங்களை எண்ணுவதைவிடக் காரணங்களைத்தான் எண்ணுவார்.

“இந்தக் கட்டடம் எங்கள் தெருவையே நாசமாக்கிவிடும்” என்று எழுதினால் அதிகாரி அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. “எல்லையிலிருந்து நான்கு மீட்டரில் உள்ள என் சமையலறை ஜன்னல் விண்ணப்ப வரைபடத்தில் காட்டப்படவில்லை; ஆகவே வெளிச்ச ஆய்விலும் அது சேரவில்லை” என்று எழுதினால் அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். வரைபடத்தைத் திறந்து வைத்து, அளவுகோலோடு ஒரு மாலை உட்காருங்கள். விடுபட்ட ஜன்னல், குறைத்துக் காட்டிய சாலை அகலம், விடுமுறை வாரத்தில் எடுத்த வாகனக் கணக்கு என்று ஏதாவது தென்படும். அப்படி ஒன்று ஐநூறு கையெழுத்தைவிட அதிக வேலை செய்யும்.

யார் முடிவெடுக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். இங்கிலாந்தில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட விண்ணப்பங்களைக் கவுன்சிலர்கள் தொடுவதே இல்லை, அதிகாரிகளே முடித்துவிடுகிறார்கள். எதிர்ப்பு வலுத்தவைதான் கவுன்சிலர்கள் அடங்கிய திட்டக் குழுவுக்கு வருகின்றன. அதுவும் தானாக வராது. குறித்த காலத்துக்குள் வார்டு கவுன்சிலர் அதைக் குழுவுக்கு அழைக்க வேண்டியிருக்கும். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 2018 முதல் உள்ளாட்சித் திட்டமிடல் குழுக்கள் கட்டாயமாகிவிட்டன. சர்ச்சைக்குரிய விண்ணப்பங்களைக் கவுன்சிலர்களுக்குப் பதில் நிபுணர்களும் குடியிருப்போர் பிரதிநிதியும் அடங்கிய குழு தீர்மானிக்கிறது. அங்கே கவுன்சிலரைப் பார்த்துப் பேசுவதால் பெரிய பயன் இல்லை.

கவுன்சிலர் முடிவெடுக்கும் இடத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. “நான் கண்டிப்பாக எதிர்த்து வாக்களிப்பேன்” என்று அவரைப் பொதுக்கூட்டத்தில் சொல்ல வைத்தால், முன்பே முடிவெடுத்துவிட்டார் என்ற குற்றச்சாட்டு எழும். அவர் ஒதுங்க நேரலாம், அல்லது அந்த முடிவே பின்னால் கேள்விக்குள்ளாகலாம். இங்கிலாந்தில் 2011ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தளர்த்தியிருக்கிறது. ஒருவர் முன்பு கருத்துச் சொன்னார் என்பதாலேயே மனத்தை மூடிவிட்டார் என்று கொள்ளக்கூடாது என்கிறது. இருந்தாலும் அவரிடம் வாக்குறுதி கேட்காதீர்கள். கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

கூட்டத்தில் பேச வாய்ப்புக் கிடைத்தால் மூன்று நிமிடம் போலத்தான் இருக்கும். ஐந்து பேர் ஐந்து விஷயம் பேசக் கூடாது. ஒருவர் இரண்டு விஷயம் பேசினால் போதும். எழுதிக்கொடுத்ததையே திரும்ப வாசிப்பதைவிட, அதிகாரியின் அறிக்கையில் எந்தப் பத்தி தவறு என்று சொல்வது நல்லது. அந்த அறிக்கை கூட்டத்துக்குச் சில நாள் முன்பே வெளிவந்துவிடும். அதைப் படிக்காமல் பேசப் போகிறவர்கள் அநேகம்.

இனி, கண்ணுக்குத் தெரியாத செலவு. மறுப்பு என்பது பெரும்பாலும் இடைநிறுத்தம்தான். விண்ணப்பித்தவருக்கு ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் மேல்முறையீட்டு உரிமை உண்டு. அதிகாரி அனுமதிக்கலாம் என்று சொன்னதைக் கவுன்சிலர்கள் ஆதாரமில்லாமல் மறுத்திருந்தால், மேல்முறையீட்டில் அனுமதி கிடைப்பதோடு, எதிர்த்தரப்புச் செலவையும் மன்றம் கட்ட வேண்டி வரலாம். அது ஊர்ப் பணம். இன்னொன்றும் நடக்கும். மன்றம் முதலிலேயே அனுமதித்திருந்தால் தெருவுக்காகப் போட்டிருக்கக்கூடிய நிபந்தனைகளை, மேல்முறையீட்டில் தெருவைத் தெரியாத ஒருவர் எழுதுவார்.

மன்றத்தின் சொல் கடைசிச் சொல் இல்லை என்பது எதிர்ப்பவர்களுக்குச் சாதகமாகவும் திரும்பும். லண்டனில் ‘டியூலிப்’ என்ற 305 மீட்டர் கோபுரத்தை, அந்தப் பகுதியின் உள்ளாட்சியான சிட்டி ஆஃப் லண்டனின் திட்டக் குழு 2019 ஏப்ரலில் அனுமதித்தது. அதே ஆண்டு ஜூலையில் லண்டன் மேயர் மறுத்தார். மேல்முறையீடும் 2021 நவம்பரில் தள்ளுபடியானது. உங்கள் ஊரில் மன்றத்துக்கு மேலே யாருக்கு இந்த அதிகாரம் இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள்.

## வழி 2: பேசித் திருத்துவது

கட்டடம் எப்படியும் வரப்போகிறது என்று திட்டமும் சட்டமும் சொல்லும்போது, நான் மனதாரச் சிபாரிசு செய்வது இதைத்தான். சிலர் இதைத் தோல்வியாகப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த எழுபது வீடுகளில் குடிவரப் போகிறவர்கள் இன்று கூட்டத்தில் இல்லை. அவர்களுக்காகப் பேச யாரும் வரவும் மாட்டார்கள். வீடு தேவைப்படும் மனிதர்கள் அவர்கள். கட்டடம் வரட்டும், நல்லதாக வரட்டும் என்று ஒரு தெரு நினைப்பதில் பெருந்தன்மையும் இருக்கிறது, லாபமும் இருக்கிறது.

கட்டுபவருக்கு நேரம்தான் பணம். எதிர்ப்பினால் ஆறு மாதம் தாமதமானால் அவருடைய கடன் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் பேரபலம் அதில்தான் இருக்கிறது. முடிவு வரும்வரைதான் அந்தப் பலமும் இருக்கும். லாஸ் ஏஞ்சல்ஸில் ஸ்டேபிள்ஸ் சென்டர் அரங்கத்தை ஒட்டிய பெரிய கேளிக்கை வளாகத்துக்கு அனுமதி கேட்டபோது, சுற்றுவட்டாரக் குடியிருப்போர், தொழிற்சங்கங்கள், தேவாலயங்கள் எல்லாம் கூட்டணியாகச் சேர்ந்து பேசின. 2001இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பூங்காக்களுக்குப் பத்து லட்சம் டாலர், கட்டப்படும் வீடுகளில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்த வருமானத்தினருக்கு, வேலைகளில் உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை என்று அதில் எழுதப்பட்டது. கட்டுபவருக்குச் சீக்கிரம் அனுமதி தேவைப்பட்டது. கூட்டணிக்கு அதைத் தாமதிக்கும் வலு இருந்தது. இரண்டும் சேர்ந்ததால்தான் பேச்சு நடந்தது.

நான்கு வருடம் கழித்து நியூயார்க்கின் புரூக்ளினில் அட்லாண்டிக் யார்ட்ஸ் திட்டத்துக்கும் இதே பாணியில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். எட்டு அமைப்புகள் கையெழுத்திட்டன. நடப்பதைக் கண்காணிக்கத் தனி ஆள் நியமிக்கப்படுவார் என்று அதில் இருந்தது. அந்த ஆள் நியமிக்கப்படவே இல்லை. தருவதாகச் சொன்ன 2,250 மலிவு விலை வீடுகள் இருபது ஆண்டு கழித்தும் முழுமையாக வந்து சேரவில்லை.

இரண்டு ஒப்பந்தங்களும் காகிதத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். ஆகவே எதைக் கேட்கிறீர்கள் என்பதோடு, அது எங்கே எழுதப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வாய்ச்சொல்லுக்கு மதிப்பே இல்லை. கட்டுபவர் மனையை வேறொருவருக்கு விற்றுவிட்டால் அவர் சொன்னதும் அவரோடு போய்விடும். சங்கத்துக்கும் கட்டுபவருக்கும் இடையிலான தனி ஒப்பந்தம் பரவாயில்லை, ஆனால் மீறினால் நீங்களே வழக்குப் போட வேண்டும். அனுமதி ஆணையிலேயே நிபந்தனையாக ஏறினால், அல்லது மனையோடு ஒட்டிய சட்டபூர்வ உடன்படிக்கையாக மன்றத்தோடு கையெழுத்தானால், மனை கைமாறினாலும் அது தொடரும். மன்றமே அதை அமல்படுத்தலாம்.

நிபந்தனையாக ஏற எல்லாக் கோரிக்கையும் தகுதி பெறாது. இங்கிலாந்தில் ஆறு சோதனைகள் உண்டு: அது தேவையானதாக, திட்டமிடலோடு தொடர்புள்ளதாக, அந்தக் கட்டடத்தோடு தொடர்புள்ளதாக, அமல்படுத்தக்கூடியதாக, துல்லியமானதாக, நியாயமானதாக இருக்க வேண்டும். வேறு நாட்டிலும் இந்த ஆறு கேள்வியையும் உங்கள் கோரிக்கையிடம் கேட்டுப் பார்க்கலாம். “இரைச்சல் குறைவாக இருக்க வேண்டும்” என்பது துல்லியச் சோதனையில் விழுந்துவிடும். “வார நாட்களில் காலை 8 முதல் மாலை 6 வரை, சனிக்கிழமை மதியம் 1 வரை, ஞாயிறு வேலை இல்லை” என்பது நிற்கும். “மேற்குப் பக்க ஜன்னல்கள் 1.7 மீட்டர் உயரம்வரை மறுபக்கம் தெரியாத மங்கலான கண்ணாடியாக, திறக்க முடியாதபடி” என்பதும் நிற்கும்.

இந்த வழியில் மறைந்திருக்கும் பெரிய செலவு தெருவின் ஒற்றுமை. கட்டுபவர் சுவரை ஒட்டிய மூன்று வீட்டுக்காரர்களிடம் மட்டும் தனியாகப் பேசி, சுவர் கட்டித் தருகிறேன், வண்ணம் அடித்துத் தருகிறேன் என்று சம்மதம் வாங்கிவிட்டால் மீதி நாற்பது வீடுகளின் குரல் பாதியாகிவிடும். பேச்சு தொடங்கும் முன்பே, யாரும் தனியாகப் பேசுவதில்லை, யாரும் தனக்கென எதுவும் வாங்குவதில்லை என்று கூடி முடிவெடுங்கள். பேசப் போகும் இருவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தில் வரும்வரை ஆட்சேபனையைத் திரும்பப் பெறாதீர்கள். அனுமதி கிடைத்த பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கும். செலவு கட்டுப்படியாகவில்லை என்று சொல்லி, நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு கட்டுபவர் இன்னொரு விண்ணப்பம் போடுவது அடிக்கடி நடக்கிறது. அதற்கும் அறிவிப்பு வரும். அதைக் கவனிக்க ஒருவர் வேண்டும்.

## வழி 3: மேல்முறையீடும் நீதிமன்றமும்

இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறோம், ஆனால் இரண்டும் வேறு. மேல்முறையீட்டில் ‘இந்த முடிவு நல்லதா’ என்று புதிதாகக் கேட்கலாம். நீதிமன்ற மறுஆய்வில் ‘இந்த முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா’ என்று மட்டும்தான் கேட்கலாம்.

அக்கம்பக்கத்தாருக்கு மேல்முறையீட்டு உரிமை எல்லா இடத்திலும் கிடையாது. அயர்லாந்திலும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் உண்டு. இங்கிலாந்தில் இல்லை. ஸ்காட்லாந்தில் 2019 சட்டம் வந்தபோது இந்த உரிமையைக் கொடுக்கலாமா என்று நாடாளுமன்றத்தில் விவாதித்து, கடைசியில் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். உங்களுக்கு இந்த உரிமை இருந்தால், மன்றத்தில் தோற்ற நல்ல காரணத்துக்கு இரண்டாம் வாய்ப்பு இருக்கிறது. இல்லையென்றால் மறுஆய்வு மட்டுமே.

மறுஆய்வில் கட்டடம் அசிங்கமாக இருக்கிறது, உயரமாக இருக்கிறது என்று வாதாட முடியாது. கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்றைப் பார்க்காமல் விட்டார்கள், அறிவிப்பு முறையாகக் கொடுக்கவில்லை, முடிவெடுத்தவருக்குச் சொந்த நலன் இருந்தது என்றால் வழக்கு நிற்கும்.

இங்கிலாந்தின் சர்ரே கவுண்டி மன்றம் ஹார்ஸ் ஹில் என்ற இடத்தில் எண்ணெய்க் கிணறுகளுக்கு 2019இல் அனுமதி கொடுத்தது. அந்த எண்ணெயை எரிக்கும்போது வெளியாகும், புவியைச் சூடாக்கும் வாயுக்களைச் சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் சேர்க்கவில்லை என்று சாரா ஃபிஞ்ச் என்ற உள்ளூர்வாசி வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றத்தில் தோற்றார். அடுத்த கட்டத்திலும் தோற்றார். 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஐந்து ஆண்டுகள். அந்தத் தீர்ப்பு நாடு முழுவதும் மற்ற திட்டங்களையும் பாதித்தது. ஆனால் ஒரே நீதிபதியின் கருத்து மாறியிருந்தால் ஐந்து ஆண்டும் தோல்வியில் முடிந்திருக்கும். இந்த வழியில் இறங்குகிறவர் அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

நொய்டாவின் இரட்டைக் கோபுரங்களை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஒன்பது வினாடி இடிப்பைப் பார்த்தவர்களுக்கு அதன் பின்னிருந்த ஆண்டுகள் தெரியவில்லை. அதே வளாகத்தில் குடியிருந்தவர்களின் சங்கம்தான் வழக்குத் தொடுத்தது. கட்டடங்களுக்கு இடையே விட வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி விடப்படவில்லை, குடியிருப்போரின் சம்மதம் பெறப்படவில்லை என்பது அவர்கள் வாதம். இடிக்கச் சொல்லி 2014இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 ஆகஸ்டு 31இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2022 ஆகஸ்டு 28இல் கோபுரங்கள் தரைமட்டமாயின. அந்தக் குடியிருப்போர் அத்தனை ஆண்டும் கூடி நின்றது பெரிய காரியம். அவர்கள் வென்றதற்குக் காரணம் கோபமோ கூட்டமோ இல்லை. அளந்து காட்டக்கூடிய விதிமீறல் கையில் இருந்தது.

செலவு நாட்டுக்கு நாடு வேறுபடும். இங்கிலாந்தில் சுற்றுச்சூழல் சார்ந்த வழக்கில் தோற்ற தனிநபர் எதிர்த்தரப்புக்குக் கட்ட வேண்டிய தொகைக்கு வழக்கமாக 5,000 பவுண்டு, அமைப்பாக இருந்தால் 10,000 பவுண்டு என்று உச்சவரம்பு இருக்கிறது. உங்கள் வழக்கறிஞர் கட்டணம் அதில் சேராது. வழக்கு நடக்கும்போது தடை உத்தரவு இல்லாவிட்டால் கட்டடம் எழும்பிக்கொண்டேயிருக்கும். வீடுகள் விற்கப்படும். வாங்கியவர்களும் சாதாரண மனிதர்கள்தான். நொய்டாவில் அவர்களுக்கு 12 சதவீத வட்டியோடு பணத்தைத் திருப்பிக் கொடுக்க நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் பலர் எதிர்பார்ப்பதில்லை. அனுமதி ரத்தானால் விண்ணப்பம் பெரும்பாலும் மன்றத்துக்கே திரும்பும். விட்டுப்போன ஆய்வைச் சேர்த்து, காரணத்தைச் சரியாக எழுதி, அதே கட்டடத்துக்கு மறுபடி அனுமதி கொடுக்க மன்றத்துக்கு உரிமை உண்டு. ஆகவே தவறு வெறும் நடைமுறைத் தவறா, சரிசெய்யவே முடியாத தவறா என்று வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். நடைமுறைத் தவறு மட்டும்தான் என்றால் அந்தப் பணத்தை வழி 2க்குச் செலவிடுவதே மேல்.

## வழி 4: திட்டத்தையே மாற்றுவது

அன்று யாரும் கவனிக்காத நான்காம் ஆள் சொன்னது இதுதான். பெரும்பாலான நாடுகளில் ஒவ்வொரு விண்ணப்பமும் அந்தப் பகுதியின் மாஸ்டர் பிளானை வைத்துத்தான் அளக்கப்படுகிறது. இங்கிலாந்தில் இது சட்டமாகவே இருக்கிறது: வேறு தக்க காரணம் இல்லாதவரை திட்டப்படிதான் முடிவு. எட்டு மாடிக்குத் திட்டமே இடம் கொடுத்திருந்தால் கூட்டத்தில் நீங்கள் பேசும் மூன்று நிமிடம் மலையில் முட்டுவதுதான்.

திட்டம் வரைவாக இருக்கும்போது மக்கள் குரலுக்கு வலு அதிகம். மும்பையின் 2034 வளர்ச்சித் திட்ட வரைவு 2015 பிப்ரவரியில் வந்தது. ஆட்சேபனைகள் பல்லாயிரக்கணக்கில் குவிந்தன. ஏப்ரலிலேயே அந்த வரைவைக் கைவிட்டுத் திருத்தி எழுத மாநில அரசு உத்தரவிட்டது. ஒரு கட்டடத்துக்கு எதிராக அத்தனை பேரைத் திரட்டவே முடியாது.

மறுப்பதோடு நிற்காமல் தாங்களே திட்டம் போட்டவர்களும் உண்டு. லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் காயின் தெருப் பகுதியில் பெரிய அலுவலகக் கட்டடங்கள் வரவிருந்தன. 1970களில் அங்கிருந்த மக்கள் எதிர்த்ததோடு, வீடுகளும் பூங்காவும் கொண்ட மாற்றுத் திட்டத்தை முன்வைத்தார்கள். இரண்டு பொது விசாரணைகள் நடந்தன. 1984இல் 13 ஏக்கர் நிலத்தை அவர்களே தொடங்கிய அமைப்பு பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. இன்று அங்கே கூட்டுறவுக் குடியிருப்புகளும் ஆற்றோரப் பூங்காவும் இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. ஆனால் ஒரு தலைமுறையின் உழைப்பு அதில் போயிருக்கிறது.

மறைசெலவு இரண்டு. இன்றைய விண்ணப்பத்துக்கு இது உதவாது, அடுத்ததற்குத்தான். அப்புறம், எழுதும் விதி எதிர்பாராத பக்கம் தள்ளும். இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் கடலோர ஊரில், புதிய வீடுகள் நிரந்தரமாகக் குடியிருக்க மட்டுமே பயன்பட வேண்டும் என்ற பகுதித் திட்டத்துக்கு 2016இல் வாக்களித்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஆதரித்தார்கள். அந்த விதி பழைய வீடுகளைக் கட்டுப்படுத்தாது. விடுமுறை வீடு தேடுகிறவர் பழைய வீட்டுப் பக்கம் திரும்ப வழி இருக்கிறது. விதி எழுதும்போது, இதைத் தாண்ட ஒருவர் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

## ஒரே பார்வையில்

| | எதிர்ப்பது | பேசித் திருத்துவது | மேல்முறையீடு, நீதிமன்றம் | திட்டத்தை மாற்றுவது |
|---|---|---|---|---|
| காலம் | வாரங்கள் | வாரங்கள் முதல் மாதங்கள் | மாதங்கள் முதல் பல ஆண்டுகள் | ஆண்டுகள் |
| கிடைக்கக்கூடியது | மறுப்பு, குறைப்பு | நிபந்தனைகள், வடிவ மாற்றம் | முடிவு ரத்து, மறுவிசாரணை | இனி வருபவற்றுக்கு விதி |
| தேவையான ஆதாரம் | வரைபடத்தில் குறிப்பான குறை | துல்லியமான கோரிக்கை | சட்டமீறல் | பகுதி மக்களின் பரந்த ஆதரவு |
| பணம் | மிகக் குறைவு | குறைவு | அதிகம் | நடுத்தரம் |
| மறைசெலவு | மேல்முறையீட்டில் தெருவின் பிடி போவது | தெரு பிளவுபடுவது | எழும்பிக்கொண்டே போகும் கட்டடம், களைப்பு | இன்றைய மனைக்குப் பயனில்லை |
| எவ்வளவு நிற்கும் | புது விண்ணப்பம் வரும்வரை | கண்காணிக்கும்வரை | தவறைப் பொறுத்தது | திட்டம் உள்ளவரை |

## இந்த வாரம் அறிவிப்பைப் பார்த்தவர் என்ன செய்யலாம்

முதல் மூன்று நாளில் இரண்டு வேலை. விண்ணப்பக் கோப்பை முழுவதும் படியுங்கள். அந்த மனைக்குத் திட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

திட்டத்துக்கு மாறாக விண்ணப்பம் இருந்தால் வழி 1ஐ முழு மூச்சாக எடுங்கள். திட்டம் உங்கள் பக்கம் இருக்கும்போது மறுப்பு கிடைப்பதும் எளிது, மேல்முறையீட்டில் அது நிற்பதும் எளிது. திட்டம் இடம் கொடுத்திருந்தால் ஆட்சேபனையைப் பதிவு செய்துவிட்டு நேரே வழி 2க்குப் போங்கள். கேட்பதை ஐந்துக்குள் நிறுத்துங்கள். அளந்து காட்டக்கூடிய விதிமீறலோ, கொடுக்காத அறிவிப்போ, முடிவெடுப்பவரின் சொந்த நலனோ கண்ணில் பட்டால், முடிவு வரும்வரை காத்திராமல் இப்போதே எழுத்தில் சுட்டிக்காட்டுங்கள். மன்றம் திருத்திக்கொண்டால் நல்லது. திருத்தாவிட்டால் ‘அப்போதே சொன்னோம்’ என்ற கடிதம் வழி 3இல் உங்கள் முதல் சான்று. காலி மனைகள் இன்னும் நான்கைந்து இருக்கும் பகுதியானால், இதே குழுவைக் கலைக்காமல் வழி 4க்குத் திருப்பிவிடுங்கள். வாட்ஸ்அப் குழு சூடாக இருக்கும்போதே அடுத்த திட்டத் திருத்தம் எப்போது என்று கேட்டு அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள்.

அனுமதி வந்துவிட்டால் ஆணையின் நகலை வாங்கி நிபந்தனைகளை மட்டும் தனித்தாளில் எழுதி எல்லா வீட்டுக்கும் கொடுங்கள். மீறலைத் தேடிக்கொண்டு அதிகாரிகள் தாமாக வருவது அபூர்வம். புகார் வந்தால்தான் வருவார்கள், அப்போதும் நடவடிக்கை எடுப்பது அவர்கள் விருப்பம். காலமும் கடந்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் பத்து ஆண்டு யாரும் கேட்காத மீறல் மேல் பொதுவாக நடவடிக்கை எடுக்க முடியாது. தெருவில் பொறுமையான ஒருவர் எப்போதும் இருப்பார். காலை ஏழு மணிக்கு கான்கிரீட் லாரி வந்த தேதி, நேரம், படம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறிக்கும் வேலையை அவரிடம் கொடுங்கள்.